விக்டோரியா வாசலிலிருந்து மக்ரானா குழி வரை

லேக் கார்டன்ஸ்வாசிகளுக்கு விக்டோரியா மெமோரியல் மெட்ரோவில் எட்டிவிடும் தூரம்தான். ரவீந்திர சரோபர் நிலையத்தில் ஏறினால் காளிகாட், ஜதின் தாஸ் பார்க், நேதாஜி பவன் தாண்டி ரவீந்திர சதன். அங்கே இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும், தென் கொல்கத்தாவின் தமிழ்க் குடும்பங்கள் காளிகாட் கோயிலுக்கு அடுத்தபடியாக அவர்களைக் கூட்டிப்போவது இங்கேதான். வந்தவர்கள் குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், தோட்டத்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுவரைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு.

அந்தச் சுவரின் கல் ராஜஸ்தானில் மக்ரானா என்ற ஊரில் வெட்டியது. தாஜ் மஹாலின் வெள்ளைக் கல்லும் அதே ஊர்க் கல்தான். மக்ரானாவின் குழிகளில் இன்றைக்கும் வேலை நடக்கிறது; இன்றைக்கும் அங்கிருந்து லாரிகளில் கல் கொல்கத்தா வருகிறது. அந்தக் கல் வந்த வழியிலேயே திரும்பிப் போய்ப் பார்க்க விரும்பும் குடும்பத்துக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம்.

சலவைக்கல் குவாரி பார்க்கப் போகிறோம் என்றால் பலருக்கும் முதலில் இத்தாலி நினைவுக்கு வரும். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இத்தாலிக் கல் பதித்த கூடங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். டஸ்கனியில் அபுவான் ஆல்ப்ஸ் மலைச்சரிவிலுள்ள கராராவில் ரோமானியர் காலத்திலிருந்து கல் வெட்டுகிறார்கள். மைக்கேலாஞ்சலோ சிலைக்கு ஏற்ற கல்லைத் தேடி அங்கேயே மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார். இப்போது ஃபான்டிஸ்க்ரிட்டி பள்ளத்தாக்கில் பயணிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் குவாரியைக் காட்டுகிறார்கள். மலையைக் குடைந்த கூடத்துக்குள்ளும் அழைத்துப் போகிறார்கள். கல் ஏற்றிய பழைய ரயில்பாதையின் பாலங்கள் மேல் இன்று சாலை ஓடுகிறது. பக்கத்துக் கொலொன்னாத்தா கிராமத்தில் சலவைக்கல் தொட்டியில் ஊறவைத்த பன்றிக்கொழுப்பு கூடப் பெயர்பெற்ற பண்டம். எல்லாமே வருகிறவர்களுக்கு வசதியாக ஒழுங்குசெய்யப்பட்டிருக்கின்றன.

மக்ரானாவில் டிக்கெட் கவுன்டர் கிடையாது, வழிகாட்டிப் பலகை கிடையாது, ஜீப் சுற்றுலாவும் கிடையாது. 2019இல் சர்வதேசப் புவியியல் அறிவியல் ஒன்றியம் மக்ரானாக் கல்லை உலகப் பாரம்பரியக் கல் வளமாக அறிவித்தது. கராராவுக்குக் கிடைத்த அதே தகுதி இது. ஆனாலும் போய்ப் பார்க்க வேண்டிய ஊர் என்று கொல்கத்தாவில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. போகிறவர் கேட்டு, பழகி, அனுமதி வாங்கித்தான் பார்க்க வேண்டும். அந்தச் சிரமத்துக்கு மக்ரானா முழுத் தகுதியுள்ள ஊர்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாள்

புறப்படுவதற்கு முன் கல்லைப் பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது. அதற்கு விக்டோரியாவை விடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. 1901இல் விக்டோரியா மகாராணி இறந்ததும் கர்சன் பிரபு முன்வைத்த திட்டம் இது. 1906 ஜனவரி 4ஆம் தேதி, பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆன இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1921 டிசம்பர் 28ஆம் தேதி அவருடைய மகன், பின்னாளைய எட்டாம் எட்வர்டு, திறந்துவைத்தார். இடையில் 1911இல் தலைநகர் டெல்லிக்குப் போய்விட்டது. வரைபடம் வில்லியம் எமர்சனுடையது. கட்டடப் பணியை மேற்பார்த்தவர் வின்சென்ட் எஷ். நீளம் 338 அடி, அகலம் 228 அடி. உச்சியில் நிற்கும் வெற்றித் தேவதை வெண்கலச் சிலை. காற்றுக்குச் சுழலும்படி பேரிங் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்களின் கண்ணில் படக்கூடாது என்று இந்த வெள்ளைக் கட்டடத்துக்குக் கறுப்பு பூசினார்கள்.

கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது நிறம். தூரத்தில் ஒரே வெள்ளையாகத் தெரியும் சுவர், ஓர் அடி தள்ளி நின்று பார்த்தால் அப்படி இல்லை. சில பலகைகளில் சாம்பல் நிற வரி, சிலவற்றில் வெளிர் பழுப்பு அலை, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. ஒரே ஊர்க் கல்லானாலும் குழிக்குக் குழி முகம் மாறும் என்பது இங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது ஒளி. மாலை நான்கு மணிக்குமேல் வெயில் சாய்ந்து விழும்போது கல்லின் விளிம்புகள் ஒளியைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்ளும். கல்லுக்குள் இருக்கும் கால்சைட் படிகங்கள் செய்யும் வேலை அது. மூன்றாவது தேய்மானம். படிக்கட்டுகளில் காலணி பட்டுத் தேய்ந்த இடத்தையும், யாரும் தொடாத உயரத்துச் சுவரையும் ஒப்பிட்டால் சலவைக்கல் எவ்வளவு மென்மையானது என்பது புரியும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 3தான். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் 7. அவ்வளவு மென்மையான கல் கொல்கத்தாவின் 100 மழைக்காலங்களைத் தாங்கி நிற்கிறது என்றால், படிகங்கள் இடைவெளியின்றி இறுகியிருப்பதும், நீர் உள்ளே இறங்காததும்தான் காரணம்.

அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தோட்டத்துக்குத் தனிச் சீட்டு.

நேரம் இருப்பவர்கள் வட கொல்கத்தாவின் முக்தாராம் பாபு தெருவிலுள்ள மார்பிள் பேலஸையும் சேர்த்துக்கொள்ளலாம். 1835இல் ராஜேந்திர மல்லிக் கட்டிய மாளிகை. பல நாட்டுச் சலவைக்கல் ஒரே தரையில் காலடியில் கிடப்பதை இங்கே பார்க்கலாம். மல்லிக் குடும்பத்தார் இன்னமும் அங்கே வசிக்கிறார்கள். முன்கூட்டியே சுற்றுலாத் துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே படமெடுக்கக் கூடாது. திங்களும் வியாழனும் மூடியிருக்கும்.

சாலை

லேக் கார்டன்ஸிலிருந்து வித்யாசாகர் சேது, கோனா எக்ஸ்பிரஸ்வே, டான்குனி வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 19ஐப் பிடித்தால் ஆக்ரா வரை அதே சாலைதான். பழைய கிராண்ட் டிரங்க் ரோட்டின் இன்றைய உருவம் அது. ஆக்ராவிலிருந்து நெடுஞ்சாலை 21 பரத்பூர் வழியாக ஜெய்ப்பூர் கொண்டு சேர்க்கும். கொல்கத்தாவிலிருந்து ஜெய்ப்பூர் வரை ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினாலும் மூன்று நாளாவது ஒதுக்க வேண்டும்.

முதல் இரவு வாரணாசியில் தங்கலாம். அது சுமார் 680 கிலோமீட்டர், நீண்ட நாள். விடியற்காலை கிளம்பினால்தான் முடியும். வழியில் சசாராமில் ஏரி நடுவே ஷேர் ஷாவின் கல்லறை இருக்கிறது. இன்றைய இந்தச் சாலைக்கு அடித்தளமிட்ட மன்னர் அவர். ஒரு மணி நேரம் நின்று பார்ப்பது தகும்.

இரண்டாம் நாள் பிரயாக்ராஜைச் சுற்றுச்சாலையில் கடந்துவிடாமல் நகருக்குள் போக வேண்டும். அங்கே ‘பத்தர் கிர்ஜா’ என்று ஊரார் அழைக்கும் ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. 1871இல் வரைந்து 1887இல் அர்ச்சிக்கப்பட்ட அந்தத் தேவாலயமும் அதே வில்லியம் எமர்சனின் கைவேலை. மியூர் கல்லூரிக் கட்டடமும் அவருடையதே. விக்டோரியாவைப் பார்த்த கண்ணோடு இவற்றைப் பார்த்தால், இளவயதில் மணற்கல்லில் பழகிய ஒருவர் முதுமையில் வெள்ளைக் கல்லுக்கு வந்து சேர்ந்தது விளங்கும்.

மூன்றாம் நாள் ஆக்ரா. தாஜ் மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைத் திட்டத்தில் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இதை மறந்து வாசலில் நிற்கிற குடும்பங்கள் ஏராளம். 1632இல் வேலை தொடங்கியபோது மக்ரானாவிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தரைவழியாகக் கல் வந்தது. ஒரு கன மீட்டர் சலவைக்கல் சுமார் 2.7 டன் எடை. தாஜின் அடிமேடை மீது நிற்கும்போது இந்த இரண்டு எண்களையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் போதும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய பிகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இந்தச் சாலையில் மூடுபனி இறங்கும். விடியற்காலையிலும் இரவிலும் பத்தடி முன்னே நிற்கும் லாரி தெரியாது. அந்த மாதங்களில் காரில் போவதே வேண்டாம். துர்கா பூஜை முடிந்து தீபாவளியை ஒட்டிய வாரங்கள், அல்லது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஏப்ரலுக்கு மேல் மக்ரானாவில் குழியின் வெள்ளைச் சுவர்கள் வெயிலைத் திருப்பி அடிக்கும். மழைக்காலத்தில் குழிகளில் நீர் தேங்கும், ஓரங்கள் இளகும்.

ஓட்டக் களைப்பு வேண்டாம் என்பவர்கள் ரயிலில் ஜெய்ப்பூர் போய், அங்கே கார் அமர்த்திக்கொள்ளலாம். சியால்தாவிலிருந்து அஜ்மீர் எக்ஸ்பிரஸ் ஜெய்ப்பூர் வழியாகவே போகிறது. வயதானவர்கள் உடன் வந்தால் இதுவே சரி.

சாம்பரைத் தாண்டி

ஜெய்ப்பூரிலிருந்து மக்ரானாவுக்கு மேற்கே சுமார் 120 கிலோமீட்டர். கிஷன்கர் வழியாக நல்ல அகலச் சாலையில் போகலாம். ஆனால் போகும்போது சாம்பர் ஏரி வழியையும் திரும்பும்போது கிஷன்கர் வழியையும் பிடித்தால் ஒரு முழு வட்டம் கிடைக்கும். சாம்பர் இந்தியாவின் மிகப்பெரிய உள்நாட்டு உப்பு ஏரி. 1990இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்திறங்கும். உப்புப் பாத்திகளின் வெள்ளையைப் பார்த்துவிட்டு நாவா, குச்சாமன் வழியே சென்றால், சாலையோரம் கல் பலகைகள் சாய்த்து வைத்த பட்டறைகள் தொடங்கும். மக்ரானா வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

முன்பு நாகௌர் மாவட்டத்திலிருந்த ஊர் இது. 2023 முதல் தீத்வானா–குச்சாமன் மாவட்டத்தில் இருக்கிறது. பழைய நூல்களிலும் வரைபடங்களிலும் நாகௌர் என்றே இருக்கும், குழம்ப வேண்டாம். தங்குவதற்கு மக்ரானாவை விட குச்சாமனோ கிஷன்கரோ வசதி.

குழியின் கதை

கராராவின் படங்களைப் பார்த்தவர்கள் மக்ரானாவில் ஏமாறக்கூடும். அங்கே மலை, மேலிருந்து படிப்படியாக அறுத்துக்கொண்டு இறங்குகிறார்கள், தூரத்திலிருந்தே வெள்ளைப் படிகள் தெரியும். இங்கே தரை மட்டம். கார் நிற்கும் இடத்திலிருந்து சில அடி நடந்ததும் திடீரென்று பூமி முடிந்துபோகும். கீழே 200, 300 அடிப் பள்ளம் திறந்து கிடக்கும்.

ஏன் இப்படி? மக்ரானாவின் சலவைக்கல் படுகைகள் தட்டையாகப் படுத்திருக்கவில்லை. பழங்காலக் கடலடிச் சுண்ணாம்புப் படிவு பூமிக்குள் புதைந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மீண்டும் படிகமாகி, மலையெழுச்சியில் மடிந்து, ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது. நல்ல கல் அகலத்தில் கிடைக்காது, ஆழத்தில்தான் கிடைக்கும். அதோடு, தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து வந்த குத்தகை நிலங்கள் மிகச் சிறியவை. பக்கத்தில் விரிவாக்க இடமில்லாதவர் கீழே போகிறார். இயற்கையும் பாகப்பிரிவினையும் சேர்ந்து வெட்டிய கிணறுகள் என்று இந்தக் குழிகளைச் சொல்லலாம். பக்கத்துக் குழிக்கும் இதற்கும் நடுவே மெல்லிய கல்சுவர் மட்டும் நிற்கும் இடங்களும் உண்டு. சுவர் சரிந்து ஆட்கள் இறந்த செய்திகள் இவ்வூரிலிருந்து அவ்வப்போது வந்துகொண்டிருக்கின்றன.

ஒவ்வொரு வரிசைக் குழிகளுக்கும் தனிப் பெயர் உண்டு: டூங்ரி, குமாரி, உலோடி, குலாபி, நெஹர்கான், மாதாபர், சக் டூங்ரி. கல்லின் பெயரும் பெரும்பாலும் அதுவே. குலாபி இளஞ்சிவப்பு. அல்பேட்டா என்று அழைக்கப்படுவதில் பழுப்பு அலைகள் ஓடும். அடங்காவில் கறுப்பு வரிகள். விக்டோரியாவின் சுவரில் கவனித்த வரிகளையெல்லாம் இங்கே பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள்.

கல் எடுக்கும் முறையைத் தெரிந்துகொண்டு போனால் மேலிருந்து பார்ப்பதே பாதி விளங்கும். முற்காலத்தில் உளியால் வரிசையாகக் குழி தோண்டி, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் அடித்துப் பிளந்தார்கள். இப்போது வைர வயர். எஃகுக் கம்பியில் வைரத்துகள் பதித்த மணிகளைக் கோத்த கயிறு அது. கராராவில் 1970களில் வளர்ந்த முறை. மேலிருந்து ஒரு துளையும் பக்கவாட்டில் ஒரு துளையும் போட்டு, இரண்டும் உள்ளே சந்திக்கும்படி செய்கிறார்கள். வயரை அதன் வழியே நுழைத்து வளையமாக்கி, மோட்டாரில் ஓடவிடுகிறார்கள். தண்ணீர் இடைவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் வயர் சூடேறி அறும். பிரிந்த பாளத்தைக் குழியின் விளிம்பில் நிற்கும் டெரிக் கிரேன் தூக்குகிறது. அந்தக் கிரேனின் நீண்ட கைதான் மக்ரானாவின் வானத்தில் எங்கும் தெரிவது. மேலே வந்த பாளம் கேங்சா ஆலைக்குப் போய்ப் பலகை பலகையாக அறுபடும்.

எடுத்ததில் நல்ல பாளமாகத் தேறுவது கொஞ்சம்தான். விரிசல் விழுந்ததும், வரி பிசகியதும் துண்டுகளாகக் குவிகின்றன. ஊரைச் சுற்றித் தெரியும் வெள்ளைக் குன்றுகள் மலை அல்ல, கழிவு. கராராவிலும் இதே கதைதான். அங்கே வெட்டுவதில் பெரும்பகுதி பொடியாகி, கால்சியம் கார்பனேட்டாகக் காகிதத்துக்கும் பற்பசைக்கும் போகிறது.

உள்ளே போவது எப்படி

அனுமதி கொல்கத்தாவிலேயே தொடங்குகிறது. நகரின் சலவைக்கல் வியாபாரிகளில் பலர் மார்வாடிகள். ராஜஸ்தானோடு அவர்களுக்குக் குடும்பத் தொடர்பும் தொழில் தொடர்பும் விட்டுப்போகவில்லை. வீட்டுத் தரைக்குக் கல் வாங்கிய கடைக்காரரிடம் கேட்டால், மக்ரானாவில் தமக்குக் கல் அனுப்புகிற குத்தகைதாரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். அந்த ஒரு தொலைபேசி அழைப்பு வாசலைத் திறக்கும். அப்படி யாரும் இல்லையென்றால் முதலில் கல் அறுக்கும் ஆலைக்கோ சிற்பப் பட்டறைக்கோ போய், வேலையைப் பார்த்து, தேநீர் குடித்து, பேசிப் பழகிய பிறகு குழியைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். நேரே குழிக்குப் போய்க் கேமராவை நீட்டுவது தவறு. பத்திரிகைக்காரரோ அதிகாரியோ என்று சந்தேகம் வரும், வேலையும் நின்றுபோகும்.

நாள் பார்த்துப் போக வேண்டும். ராஜஸ்தானில் கட்டட வேலை, கல்வேலை செய்கிறவர்களிடம் அமாவாசையன்று கருவியைத் தொடுவதில்லை என்ற வழக்கம் பரவலாக இருக்கிறது. அமாவாசையில் நல்ல காரியம் தொடங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதாக இருக்கும். மக்ரானாவின் கல் தொழிலில் முஸ்லிம்கள் ஏராளம். வெள்ளிக்கிழமை நண்பகலையும் பெருநாட்களையும் தவிர்ப்பது மரியாதை. காலை எட்டு, ஒன்பது மணிக்குப் போனால் வேலை முழுவீச்சில் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. இந்தியில் பேசினால் போதும். வயதில் மூத்தவரை ‘உஸ்தாத்’ என்றோ ‘பாய் சாஹப்’ என்றோ அழைத்துப் பேச்சைத் தொடங்கலாம்.

குழந்தைகள் விஷயத்தில் தெளிவாக இருக்க வேண்டும். 2025 வரை நடைமுறையிலிருந்த 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், சுரங்க வேலை நடக்கும் இடத்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் இருப்பதையே தடுத்தது. திறந்தவெளிக் குழியும் சுரங்கம்தான். யாராவது பரவாயில்லை என்று சொன்னாலும் பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கூடாது. பெற்றோரில் ஒருவர் பட்டறையில் பிள்ளைகளோடு இருக்க, மற்றவர் பார்த்துவிட்டு வந்து மாறிக்கொள்ளலாம்.

உடையில் கவனம் வேண்டும். முன்பக்கம் மூடிய கனமான காலணி கட்டாயம், செருப்பு கூடாது. புடவைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி, கழுத்தில் தொங்கும் கேமரா வார் எதுவும் ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆபத்து. தலைக்கவசம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். அறுக்கும் ஆலைக்குள் முகக்கவசமும் காதில் பஞ்சும் தேவை.

வைர வயர் ஓடும்போது அதன் நேர்கோட்டில், முன்னாலும் பின்னாலும், ஒருபோதும் நிற்கக் கூடாது. வயர் அறுந்தால் மணிகள் துப்பாக்கிக் குண்டு வேகத்தில் தெறிக்கும். கிரேன் தூக்கும் பாளத்தின் கீழே மட்டுமல்ல, அது சுழலும் வட்டத்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. விளிம்பிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி நிற்க வேண்டும். உறுதியாகத் தெரியும் தரைக்கு அடியில் வெட்டியிருக்கலாம். கழிவுக் குன்றுகள் மேல் ஏறிப் படம் எடுப்பது வேண்டாம், துண்டுகள் உருளும். வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த நேரத்தில் விலகிவிட வேண்டும்.

கீழே இறங்கலாமா? இறங்க வேண்டாம் என்பதே இந்நூலின் முடிவு. ஏணியிலும் கிரேனின் தொட்டியிலும் அந்த ஆட்கள் தினமும் இறங்குகிறார்கள். பழகிய உடம்பு அது. விருந்தாளி ஒருவர் இறங்கினால் அவரைக் காக்கிற பொறுப்பும் அவர்கள் தலையில் ஏறும், வேலையும் கெடும். மேலே நின்று ஒரு மணி நேரம் அமைதியாகப் பார்த்தாலே, தாஜ் மஹாலைப் பற்றிய எந்தப் புத்தகமும் சொல்லாத ஒன்று புரியும்: ஒரு சதுர அடி வெள்ளைக்கு எத்தனை பேருடைய முதுகும் நுரையீரலும் செலவாகின்றன என்பது. படம் எடுப்பதற்கு முன் முகம் பார்த்துக் கேட்க வேண்டும். எடுத்த படத்தை அவர்களுக்கு அனுப்பவும் வேண்டும்.

கிஷன்கரில் சில மணி நேரம்

பர்பத்சர், ரூபன்கர் வழியாகத் திரும்பினால் கிஷன்கர். நாட்டின் மிகப்பெரிய சலவைக்கல் சந்தை இது. ஆலைகளின் கழிவுக் குழம்பைக் கொட்டிக் கொட்டி உருவான வெள்ளை வெளி இப்போது பனிமலை போலப் படமெடுக்கும் இடமாகப் பெயர்பெற்றுவிட்டது. கல்யாணப் படங்கள், பாட்டுக் காட்சிகள் எல்லாம் எடுக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அது காற்றில் பறக்கும் நுண்பொடி. காற்று வீசும் நாளில் இறங்கக் கூடாது. ஆஸ்துமா இருப்பவர் எந்த நாளிலும் வேண்டாம். நீலமாகத் தேங்கி நிற்கும் நீரில் பிள்ளைகள் கால் நனைக்க விடக் கூடாது. ஓரத்துச் சேறு உள்ளே இழுக்கும்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு உண்மையில் ஏற்ற இடம் ஜபல்பூருக்குப் பக்கத்து பேடாகாட். அங்கே நர்மதை வெள்ளைப் பாறைகளை அறுத்துக்கொண்டு ஓடுகிறது; படகில் இருபுறமும் சலவைக்கல் சுவர் பார்த்துக்கொண்டே போகலாம். துவாந்தார் அருவியும், கலச்சூரி மன்னர் காலத்து அறுபத்துநாலு யோகினி கோயிலும் நடந்துபோகும் தூரத்தில். ஹவுராவிலிருந்து ஜபல்பூருக்கு நேரடி ரயில் உண்டு. மழைக்காலத்தில் படகு ஓடாது.

கல் வாங்குவதானால்

மக்ரானா வரை போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் அரிது. சப்பாத்திப் பலகை, சின்ன உரல், பூஜைத் தட்டு, இவை காரில் வரும். செதுக்கியவரிடமே நேரே வாங்கினால் அவர் கைக்கு முழுக் காசும் போகும். பேரம் அளவோடு இருக்கட்டும். மாக்கல்லைச் சலவைக்கல் என்று விற்பதும் உண்டு. அடிப்பக்கம் நகத்தால் கீறினால் மாக்கல்லில் கோடு விழும், சலவைக்கல்லில் விழாது. தமிழ்ச் சமையலறைக்கு ஓர் எச்சரிக்கை: புளி, எலுமிச்சை, ரசம், தயிர் எதுவும் சலவைக்கல் மேல் தங்கக் கூடாது. புளிப்பு கால்சைட்டைத் தின்றுவிடும். பளபளப்பு போன இடத்தில் திட்டு விழுந்தால் மறுபடி பாலிஷ் போடுவதைத் தவிர வழியில்லை. மஞ்சள் கறையும் எளிதில் போகாது.

வீட்டுத் தரைக்கு வாங்குகிறவர்கள் ஒரு பலகையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரே பாளத்திலிருந்து அறுத்த அடுத்தடுத்த பலகைகளாக, எண் போட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் கூடத்தில் வரி பொருந்தாது. பலகையின் பின்புறம் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கலாம். நல்ல மக்ரானாக் கல் சட்டென்று உறிஞ்சாது. பின்புறம் வலை ஒட்டியிருந்தால் அது ஏன் என்று கேட்க வேண்டும். விரிசல் உள்ள கல்லைத் தாங்கத்தான் வலையும் ரெசினும். வியட்நாமிலிருந்து வரும் தூய வெள்ளைக் கல்லை மக்ரானா என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். வரியே இல்லாத வெள்ளை மலிவாகக் கிடைத்தால் எந்தக் குழியின் கல் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு. விலை பேசும்போது கல், அறுப்பு, பாலிஷ், பொதி, கொல்கத்தா வரை லாரி வாடகை, வரி ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறித்து, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.